மடுவில் நின்ற கம்பம்

கருக்கன்குட்டை,
29.4.1997, இரவு

அன்புள்ள ஜாஹிதா,

உன் அத்தாவின் மீன் வியாபாரத்துக்காக நீ மேட்டுப்பாளையம் குடிபோய் நாற்பது நாள் ஆகிறது. இதற்குள் நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது போட்டுவிட வேண்டும்.

பதிலை என் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடாதே. எங்கள் வீட்டில் எனக்குப் படிக்கத் தெரியும் என்று தபால்காரர் நரசிம்மலு அண்ணனுக்குத் தெரியும். இருந்தாலும் கடிதத்தைப் பிரித்து, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உன் யாஸ்மின் அக்காவின் தையல் கடை இருக்கிறதே, அங்கே போடு. நான் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா தூங்கிவிட்டாள். சிமினி விளக்கை அடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். அவள் புரண்டு படுத்தால் விளக்கை ஊதிவிடுவேன். ஆகவே பாதியில் நின்றால் கோபித்துக்கொள்ளாதே.

நேற்று குளத்துச் சங்கக் கூட்டம். என் அப்பா எழுந்து பேசினார்! நீயும் நானும் எட்டு வருடமாகப் பார்க்கிறோம், அவர் மீனிடம் பேசுவதைவிட மனிதர்களிடம் குறைவாகத்தான் பேசுவார். "ஏனுங்க, இந்த வருசம் மட்டும் மடுவுல எறங்க வேண்டாமுங்க. கொளமெல்லாம் வத்தி இடுப்பளவு தண்ணிதானுங்க நிக்குது. மிச்சமிருக்கிற தாய் மீனு பூரா ஓடை வாயில அந்த ஒரு மடுவுலதானுங்க கெடக்குது. அதையும் அள்ளிப்போட்டா, ஆடித் தண்ணி வந்து என்னத்துக்குங்க?" என்றார்.

சங்கத் தலைவர் பாலுசாமி ஐயா சிரித்துக்கொண்டே, "ஏப்பா காளிச்சாமி, மீனுக்கு வக்கீலா எப்ப ஆனே?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. வைகாசிப் பௌர்ணமியன்று வழக்கம்போல ஊரே மடுவில் இறங்கி மீன் அள்ளுவது என்று முடிவாகிவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் நொய்யல் ஆற்றிலிருந்து குளம் வரை ஓடையைச் சுத்தம் செய்தது உனக்கு நினைவிருக்கும். சீமைக்கருவேலத்தை வெட்டினோம், கரையில் கோரையும் நாணலும் நட்டோம். தடுப்பணைக்குக் கீழே மீன் ஏறட்டும் என்று அப்பா படி மாதிரிக் கல் அடுக்கினார். நீயும் நானும் கல் தூக்கி, உன் கால் கட்டைவிரலில் நகம் போனதே. அவ்வளவும் வீணாகப் போகிறது. சங்கம் விலைக்கு வாங்கிக் குளத்தில் விட்ட மீன் குஞ்சுகள் போன இரண்டு வருடமும் செத்தன. இந்த வருடம் சங்கம் வாங்கவே போவதில்லை.

இனி என் விஷயம். திருப்பூரில் என் அத்தை வேலை செய்யும் பனியன் கம்பெனியில் எனக்கு இடம் கேட்டிருக்கிறார்கள். அம்மா இப்போதே அனுப்பச் சொன்னாள். அப்பா, "தை வரைக்கும் படிக்கட்டும். தையில கொளத்துல மீனு இருந்தா படிப்பு. இல்லீன்னா திருப்பூரு" என்று சொல்லிவிட்டார். என் ஒன்பதாம் வகுப்பு இப்போது அந்த மடுவுக்குள் கிடக்கிறது.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. மாரியம்மன் நோம்பி நடக்கிறது. வழக்கமாகக் கடைசி நாளில் கிணற்றில் விடும் மரக் கம்பத்தை, கோயில் கிணறு வற்றிவிட்டதால் இந்த முறை குளத்தில், மதகுப் பக்கம் விடப்போகிறார்களாம்.

படித்ததும் கிழித்துவிடு.

இனியா


மேட்டுப்பாளையம்,
2.5.1997

இனியா அம்மணி,

கிழிக்க மாட்டேன். நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. அதை எப்படிக் கிழிப்பது?

நாற்பது நாள் எழுதாமல் இருந்துவிட்டு, எழுதும்போது திருப்பூர் என்று எழுதுகிறாய். எனக்கு அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு பசி வந்தது. இங்கே எனக்கு ஒரு சிநேகிதிகூட இல்லை. லீவுக்கு முன்னால் வகுப்பில் என்னை "மீன்காரர் மகள்" என்றார்கள். "ஆமாங்க, என்ன மீனு வேணும்?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒருத்தியும் பேசவில்லை.

பவானி ஆறு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே கோயில் படித்துறை ஒன்று இருக்கிறது. பொரியைத் தூவினால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகின்றன. ஒவ்வொன்றும் என் கை நீளம்! அத்தாவிடம், "இங்க ஒரு வலை வீசினா வண்டி ரொம்பிரும், ஏன் அத்தா யாருமே வீசறதில்ல?" என்று கேட்டேன். "வீசிப் பாரு. வலையோட சேத்து உன்னையும் தூக்கி ஆத்துல போட்டுருவாங்க" என்றார். அந்தப் படித்துறையிலிருந்துதான் ஆறு முழுக்க மீன் பரவுகிறதாம். இதையும் அத்தாதான் சொன்னார்.

சாமிக்குப் பக்கத்துத் தண்ணீரில் எவனும் கை வைக்க மாட்டான் போலிருக்கிறது. உங்கள் மடுவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கோயில்கூட இல்லையே, பாவம்.

உடனே எழுது. இல்லாவிட்டால் நரசிம்மலு அண்ணனுக்கே நேராகக் கடிதம் போடுவேன்.

ஜாஹிதா


கருக்கன்குட்டை,
8.5.1997, இரவு

ஜாஹிதா,

செய்துவிட்டேன். நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தோன்றியது. அதனால் உனக்கும் பாதிப் பங்கு உண்டு.

நேற்றிரவு கம்பத்தைக் கோயில் முன்னாலிருந்து பிடுங்கி, மேளத்தோடு கொண்டுவந்து மதகில் விட்டார்கள். பதினைந்து நாளாக ஊர்ப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்ட மூன்று கிளைக் கம்பம். உனக்குத் தெரியும், எங்கள் தெருக்காரர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. வேலிக்கு வெளியே நின்று கும்பிடுவோம். தொட்டது கிடையாது.

இன்று மஞ்சள் நீராட்டு. ஊர் மொத்தமும் தெருவில் மஞ்சள் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. குளத்தில் ஒரு கொக்கைத் தவிர யாரும் இல்லை. அப்பாவின் பரிசலை எடுத்தேன். அதில் கிடந்த நீலக் கயிற்றைக் கம்பத்தின் ஒரு கிளையில் கட்டினேன். மேற்கே மடு, காற்றும் மேற்கிலிருந்து. எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுத் தோள் கழன்றுவிட்டது. மடுவுக்குள் கொண்டுபோய்ப் படுக்கப் போட்டு, கயிற்றின் மறுமுனையைக் கரையோர வேரில் கட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நான் தொட்டுவிட்டேன் ஜாஹிதா. கண்டுபிடித்தால் என்னை மட்டுமா கேட்பார்கள்? அப்பாவைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். அம்மனும் இருக்கிறாள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவளிடம் நூறு முறை சொன்னேன், "மீனுக்காகத்தான் தாயே, எனக்காகக் கொஞ்சம்தான்" என்று.

அம்மா புரள்கிறாள்.


மேட்டுப்பாளையம்,
11.5.1997

அடியே இனியா!

மாட்டுப் பொங்கலுக்கு அவிழ்த்து விட்ட மாட்டைப் பார்த்துப் புளியமரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அழுதவள் நீதானே? நான்தானே ஏணி கொண்டுவந்தேன்? அந்த இனியாவா சாமிக் கம்பத்தை இழுத்துக்கொண்டு குளம் கடந்தாள்?

"எனக்காகக் கொஞ்சம்தான்" என்ற இடத்தில் அம்மாவும் நானும் சிரித்துச் சிரித்து அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பயப்படாதே. என்ன ஆனது என்று உடனே எழுது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை எனக்கு.

ஜாஹிதா


கருக்கன்குட்டை,
14.5.1997, இரவு

ஜாஹிதா,

உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினாயா? கிழித்துவிடச் சொன்ன கடிதத்தை? உனக்கு இது பால் பொங்குகிற சிரிப்பு. எனக்கு என் அப்பா தலை குனிந்து நிற்கிற காட்சிதான் கண்ணுக்குள் இருக்கிறது. இனி உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். ஆனால் நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் மட்டும் எழுதுகிறேன். சிநேகிதத்தால் அல்ல.

மறுநாள் விடிந்ததும் பாலுசாமி ஐயா வயலுக்குப் போகும் வழியில் கத்தினார். ஊரே ஓடியது. நானும் ஓடினேன்.

நான் கம்பத்தைப் படுக்கத்தானே போட்டேன்? அது நின்றது, ஜாஹிதா. மடு நடுவில், மூன்று கிளையும் தண்ணீருக்கு மேலே, நட்டு வைத்தது போல நேராக நின்றது. நான் கட்டிய நீலக் கயிறு எங்கேயும் இல்லை.

நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்கு அருள் வருது" என்றாள். அருள் இல்லை, பயம்.

பாலுசாமி ஐயா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "காத்து கெழக்கால அடிக்குது, கம்பம் மேக்கால போயிருக்குது. ஆத்தா மடுவுல எடம் புடிச்சுட்டா. இனி அங்க ஒரு பயலும் வலையோட எறங்கக் கூடாது, ஆமா" என்றார். பூசாரி கண்ணையா சூடம் காட்டினார். பிறகு ஐயா எங்கள் அப்பாவைத் தேடிப் பிடித்து, "ஏப்பா, உன்ற மீனுக்கு ஆத்தாளே வக்கீலா வந்துட்டா, பாத்தியா?" என்றார். அப்பா, "ஆமாங்க" என்றார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பௌர்ணமிக்கு மீன் அள்ளுவது நின்றுவிட்டது. நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் பரிசலில் கயிறு இல்லாததை அப்பா இன்னும் கேட்கவில்லை. எப்போது கேட்பார் என்று தினமும் அவர் முகத்தையே பார்க்கிறேன். எங்கள் அம்மா வேறு தினமும் ஈரப் புடவையோடு கரையில் நின்று, எனக்குப் பனியன் கம்பெனியில் நல்ல இடமாகக் கிடைக்க வேண்டும் என்று அந்தக் கம்பத்திடமே வேண்டிக்கொள்கிறாள்!

நான் அப்பாவிடம் சொல்லிவிடவா?

இனியா


மேட்டுப்பாளையம்,
18.5.1997

அன்புள்ள இனியாவுக்கு,

மன்னித்துக்கொள். நான் வாசித்தது தப்பு. கடைசிப் பக்கத்தை வாசித்ததும் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் புள்ளைக்குத் தோள்ல எண்ணெய் தேச்சு விட்டாங்களா?" என்றுதான் கேட்டார். வேறு யாருக்கும் தெரியாது. அத்தாவுக்குக்கூடத் தெரியாது. இனி உன் கடிதங்களைப் பள்ளிக்கூடப் பையில், கணக்குப் புத்தகத்துக்குள் வைக்கிறேன். அதை இந்த வீட்டில் நான் உட்பட யாரும் திறப்பதில்லை.

இங்கே வந்துபோன யாஸ்மின் அக்காவிடம் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிநேகிதத்தால்தான்.

கம்பம் எப்படி நிமிர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தோன்றுகிறது. நிமிர்த்தியவர்களுக்கு உன் மேல் கோபம் இருந்திருந்தால் மதகுக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நீ விட்ட இடத்திலேயே, நீ விட்டதைவிட நன்றாக நிற்கிறது. அப்படியென்றால் யாரோ உன் கட்சி.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆடியில் தண்ணீர் வரட்டும். மீன் நம் கல் படியில் ஏறுகிறதா என்று எனக்கு எழுது. என் நகம் இன்னும் முழுதாக முளைக்கவில்லை. அதற்கு ஒரு பலன் வேண்டாமா?

ஜாஹிதா


கருக்கன்குட்டை,
27.7.1997, இரவு

என் ஜாஹிதா,

ஏறின! ஏறின! ஏறின!

வெள்ளிக்கிழமை நொய்யலில் புதுத்தண்ணீர். சனிக்கிழமை காலை ஓடை செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்து மடுவில் விழுந்தது. அப்பா என்னை எழுப்பி, "வா அம்மணி, ஒண்ணு காட்டறேன்" என்றார். தடுப்பணைக்கு ஓடினோம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, நுரைதான். பிறகு நம் முதல் கல்லில் ஒரு கெண்டை வந்து நின்றது. வயிறு முட்டையால் உப்பியிருந்தது. அடுத்த கல்லுக்குத் தாவி, வழுக்கி, மறுபடி தாவியது. அதன் பின்னால் பத்து. அதன் பின்னால் எண்ண முடியவில்லை. கெளுத்திகள் மீசையை ஆட்டிக்கொண்டு கல் இடுக்கில் நெளிந்தன. உன் விரலை நசுக்கிய அந்தச் சப்பைக் கல் இருக்கிறதே, அதில்தான் எல்லாம் களைப்பாறின. நான் குதித்த குதியில் என் செருப்பு ஓடையோடு போய்விட்டது.

மேலத்தெருக்காரர்கள் நான்கு பேர் மீன் பிடிக்கும் கூடைகளோடு வந்தார்கள். ஏறுகிற மீனைப் படியிலேயே வைத்துப் பிடிப்பது சுலபம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு வழியில் நின்றார். அதற்குள் குடையோடு பாலுசாமி ஐயா. "ஏனப்பா, இதெல்லாம் எங்கிருந்து ஏறுது?" என்றார். "மடுவுலிருந்துங்க." "அப்ப ஆத்தா ஊட்டுல இருந்து வெளிய போற புள்ளத்தாச்சிக. அதுகள வழியில மறிக்கறதுக்கு வெக்கமா இல்ல?" அந்த நான்கு பேரும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்குத் தொப்பியாக்கித் திரும்பிப் போனார்கள்.

நாம் நட்ட நாணல் இடுப்புயரம் வளர்ந்து தண்ணீரில் படுத்திருக்கிறது. அதற்குள்தான் முட்டை இடுமாம்.

பள்ளிக்கூடம் போகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஜன்னலோர இடம். தை வரைக்கும் அது என்னுடையது. அப்பா இன்னும் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் இருமினால்கூட எனக்குத் தூக்கிப் போடுகிறது.

இனியா


மேட்டுப்பாளையம்,
9.11.1997

இனியா,

மூன்று மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே, காய்ச்சலில் கிடந்தேன். உன் ஆடிக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். கணக்குப் புத்தகத்திலிருந்து வெளியே எடுத்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

என் சப்பைக் கல்லுக்கு ஒரு முத்தம் கொடு.

இப்போது என்ன தெரிகிறது? குஞ்சு இருக்கிறதா? தைக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று நான் காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அத்தாவிடம், "தையில கருக்கன்குட்டைக்கு வண்டி எடுத்துட்டுப் போங்க" என்று தினமும் நச்சரிக்கிறேன். "அங்க என்ன இருக்குது, தவளையா?" என்கிறார். நீ அவர் வாயை அடைக்க வேண்டும்.

ஜாஹிதா


கருக்கன்குட்டை,
20.1.1998, பகல்

அன்புள்ள ஜாஹிதா,

தேதிக்குப் பக்கத்தில் பார்த்தாயா? பகல் என்று எழுதியிருக்கிறேன். வாசலில் உட்கார்ந்து, வெயிலில், எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

முதலில் உன் அத்தா. ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியோடு வந்து வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு, "தவளை எத்தனை கூடைங்க?" என்றார். வலை மூன்றாவது முறை ஏறியபோது அவர் சட்டையைக் கழற்றிவிட்டு இழுக்க இறங்கிவிட்டார். பதினேழு கூடை! மடுப் பக்கம் வலை போகவே இல்லை, மற்ற குளத்தில் மட்டும். ஒரு விராலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "காளிச்சாமி, இது வெலைக்கு வாங்கி விட்ட குஞ்சு இல்லீங்க. இந்தத் தண்ணியிலயே பொறந்து வளந்தது" என்றார். அது துள்ளி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டது. உன் அத்தா அதையும் சிரித்துக்கொண்டே பெட்டியில் போட்டார்.

அன்று சாயங்காலம் அம்மா என் பள்ளிச் சீருடையைத் துவைத்துக் கஞ்சி போட்டாள். திருப்பூர் என்ற பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. "பத்தாவதுக்கு என்னென்ன புஸ்தகம் வேணும்?" என்று மட்டும் கேட்டாள். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இனி நான் சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை அப்பா என்னைப் பரிசலில் மடுவுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் தெளிந்து கண்ணாடி போலிருந்தது. "குனிஞ்சு பாரு" என்றார். கம்பத்தின் அடி தெரிந்தது. அதில் ஒரு பெரிய கல் கட்டியிருந்தது. வெள்ளைக் கயிறு. மூன்று சுற்றுச் சுற்றி நடுவில் பின்னல் போட்ட முடிச்சு. அந்த முடிச்சு இந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எனக்கு எதிரில் துடுப்போடு உட்கார்ந்திருந்தார்.

"உன்ற முடிச்சு அன்னிக்குச் சாயங்காலமே அவுந்துபோச்சு அம்மணி. காத்துக்குக் கம்பம் பாதிக் கொளம் திரும்பி வந்துருச்சு. நானு பாக்கறப்ப பின்னாலயே நீலக் கயிறு வாலாட்டம் வருது."

"அப்பறம்... என்னங்கப்பா செஞ்சீங்க?"

"என்னத்தச் செய்யறது? இழுத்துட்டுப் போயிக் கல்லைக் கட்டி நிக்க வெச்சேன். படுத்துக் கெடந்தா ஒருத்தன் மதிப்பானா?"

"எட்டு மாசமா நானு பயந்து பயந்து செத்தனுங்கப்பா!"

"நானு மட்டும்? பாலுசாமி ஐயா என்னையப் பாத்துச் சிரிக்கறப்பல்லாம் வலையத் தட்டறாப்புல அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்."

அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். பரிசல் தட்டாமாலை சுற்றுகிற அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் நான் கேட்டுவிட்டேன், "நாம தொட்டோமே, குத்தமாகாதுங்களா?" என்று. அப்பா தண்ணீரைக் காட்டினார். கம்பத்தின் மூன்று கிளைக்கு நடுவே விரால் குஞ்சுக் கூட்டம் ஒன்று, செக்கச்செவேலென்று, கொதிக்கிற குழம்பு மாதிரி மேலே வந்து வந்து அடங்கியது. கீழே தாயும் தகப்பனும் காவல்.

"குத்தமா இருந்தா அதுக இங்க குடியிருக்குமா?" என்றார்.

வருகிற சித்திரையிலும் கம்பத்தை மடுவிலேயே விடுவது என்று சங்கத்தில் எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். பரிசலின் அடியில் சுருட்டி வைத்திருந்த என் நீலக் கயிற்றை அப்பா திருப்பிக் கொடுத்தார். அதில்தான் இப்போது எனக்கு அந்த முடிச்சைச் சொல்லித்தருகிறார். நான்கு முறை போட்டேன், நான்கு முறையும் அவிழ்ந்தது. அவசரமில்லை என்கிறார்.

இப்போது அவர் என் பக்கத்தில் வலை காயப்போட்டபடி, "யாருக்கு, மஜீத் பாய் மகளுக்கா? அந்தப் புள்ளை தூக்கின கல்லு நல்லா நிக்குதுன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

இனி பதிலை வீட்டு முகவரிக்கே போடு. நரசிம்மலு அண்ணன் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வாசிக்கட்டும். கம்பத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதிவிடாதே!

உன் இனியா